செருமும் மேசை

படகுத்துறை ஊழியர் மன்றத்துச் சீட்டாட்ட மேசை, யாராவது தப்பாக ஆடினால் செருமும். இருமலோ ஏப்பமோ அல்ல. பரீட்சை அறையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பவனைக் கண்டதும் வாத்தியார் தொண்டையைச் சரிசெய்துகொள்வாரே, அந்த மாதிரி ஒரு செருமல். மழைக்காலத்தில் கொஞ்சம் கரகரப்பு கூடும், அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் நாலு காலையும் தட்டிப் பார்த்து, கரையான் இல்லை, வெடிப்பு இல்லை, மேசையில் ஒரு குறையும் இல்லை, குறை வேறெங்கோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆடியது போக்கர். காசு வைத்து ஆடக் கூடாதென்று துறை அலுவலகம் தடை போட்டிருந்ததால், பழைய சீருடைகளில் அறுத்தெடுத்த பொத்தான்களை வைத்து ஆடினார்கள். வெறும் பொத்தானுக்காகப் பெரிய மனிதர்கள் இவ்வளவு அற்பமாக நடந்துகொள்வார்களா என்று கேட்பவர்கள் அந்த மன்றத்துப் பக்கம் போனதில்லை. மேசைக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. தன் முறை வருமுன் வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டம் முடியுமுன் அடுத்தவன் ஆட்டத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. ஜெயித்தவன் தோற்றவனுக்குப் பாடம் நடத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒருவன் தோற்போம் என்று கணித்துச் சீட்டை மடக்கி வைத்துவிட்டால், கட்டிலிருந்து அடுத்த சீட்டைத் திருப்பி, 'பாத்தியா, இது வந்திருக்கும்' என்று காட்டக் கூடாது. மடக்கியவன் தெரிந்ததை வைத்து முடிவெடுத்தவன். வராத சீட்டை வைத்து அவனைக் குத்துவது ஈனத்தனம்.

இத்தனை ஒழுங்கையும் ஒரே ஆட்டத்தில் மீறக்கூடிய திறமை ராசிக்கு இருந்தது. அப்போது இரண்டாவது படகை ஓட்டும் மாஸ்டராக இருந்த அவருக்கு ராசி என்பது ஊர் வைத்த பெயர். அவரும் அதைப் பட்டம் போலச் சுமந்து திரிந்தார். ஒருநாள் கையில் ஒரு இரண்டும் ஒரு ஏழும் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் ராஜா ஜோடி இருப்பது குழந்தைக்குக்கூடத் தெரியும் நிலையில், இருந்த பொத்தானையெல்லாம் நடுவே தள்ளினார். மேசை செருமியது. கடைசி இரண்டு சீட்டாக ஒரு ஏழும் ஒரு இரண்டும் வந்து விழுந்து, அவருடைய இரண்டு ஜோடி ராஜா ஜோடியை அடித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், பனம்பழத்தைக் காக்கை கணித்துப் பறித்ததாகச் சொல்லும் ஊர் அது. எல்லோரும் எழுந்து அவர் முதுகில் தட்டினார்கள். ராஜா ஜோடிக்காரருக்கு எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று ராசி அரைமணி நேரம் விளக்கினார். பிறகு மேசையின் மேல் புகார் கொடுத்தார். ஆட்டத்தின் நடுவே செருமி எதிராளிக்குத் துப்புக் கொடுக்கிறதாம். டிக்கெட் குமாஸ்தாதான் மன்றச் செயலாளர். அவர் மேசையின் முன்னால் நின்று, இனி எல்லாச் சீட்டும் திறந்த பிறகே செரும வேண்டும் என்ற தீர்மானத்தைக் கணீரென்று வாசித்தார். அன்றிலிருந்து மேசை அப்படியே நடந்துகொண்டது. கை கால் முளைத்த ஆறு பேர் காப்பாற்றாத ஒழுங்கை மரக்கால் முளைத்த அது ஒன்றுதான் காப்பாற்றியது.

மேசை ஒருபோதும் செருமாத ஆள் ஒருவர் உண்டு. அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அதுவும் கேலியாகத்தான். ராசியின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். சரியாக ஆடித் தோற்பார், மறுநாளும் வந்து சரியாகவே ஆடுவார். 'உங்களுக்கு ரோஷமே கிடையாதா மச்சான்?' என்று ராசி பல்லைக் காட்டும்போது, கலைந்த சீட்டை அடுக்கிக் கொடுப்பார். ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அந்த மேசையின் காதில் விழும்படி அவர் பேசியதே இல்லை.

முதல் படகின் மாஸ்டராக அவர் இருந்த காலம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துவண்ட அப்பாவைத் தங்கை துறைக்குக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. இக்கரையில் நின்றது அவர் படகு ஒன்றுதான். புயல் கொடி ஏறியிருந்தது. வடக்கே வானம் ஈயம் மாதிரிக் கறுத்து, தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. அந்தத் தண்ணீரை நம்பிக் கிளம்பிய படகு எதுவும் கரை சேர்ந்ததில்லை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கிளம்பினால் அப்பாவோடு தங்கையும், பிள்ளைகுட்டிக்காரர்களான படகாட்களும் போவார்கள். அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. அப்பா காத்திருப்போர் கொட்டகைப் பெஞ்சில் அவர் மடியில் செத்தார். காற்றோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வராமலே மலைப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் குழந்தைகள் ஆற்றில் கல்லெறிந்து விளையாடினார்கள். தங்கை அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த வருஷம் அதே கொடி, அதே கறுப்பு. ஒரு பெரிய அதிகாரியின் அவசரத்துக்காக ராசி படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பக்கக் கம்பியையும் பாதிக் கூரையையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, அதிகாரியை மட்டும் நனையாமல் கொண்டுசேர்த்தார். பாராட்டுக் கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். ராசியைத் துறைக்குத் தலைவராக்கி, நிதானத்தைக் கயிற்றுக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊருக்கு மூளையை மூட மட்டும் நல்ல மூடி கிடைத்திருந்தது. கிடங்கில் கயிறு சுற்றிக்கொண்டே, ஒருவேளை தப்புத்தானோ என்று நிதானம் யோசித்தார். மேசையிடம் கேட்டுவிடலாம், சீட்டாட்டத்துக்குச் சொல்வது போல இதற்கும் அது சொல்லும். செருமிவிட்டால் என்ன செய்வது? கேட்காமலே வருஷங்கள் போயின.

கேட்டது தங்கைதான். வீட்டில் புருஷன் தினமும், தான் அன்று இக்கரையில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவள் காயத்தை ஆறவிடாமல் கிளறிக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் அவள் மன்றத்துக்குள் நுழைந்தாள். அண்ணனை ஊர் முன்னால் குற்றவாளியாக்கிவிட்டுப் போவதென்றே வந்திருந்தாள். ஆட்டம் அப்போதுதான் முடிந்து சீட்டெல்லாம் திறந்து கிடந்தது. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, கொடியையும் வானத்தையும் தண்ணீரையும், படகில் ஏறவேண்டியிருந்தவர்களையும், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். காற்று வராமல் போனதை மட்டும் சொல்ல வாயெடுத்தவள், அது அப்போது யாருக்கும் தெரியாதே என்று தனக்கே தோன்றி நிறுத்திக்கொண்டாள்.

"என் அண்ணன் கயித்த அவுக்கல," என்றாள். "இப்ப சொல்லு."

நிதானம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை சும்மா இருந்தது. அவள் ஓங்கித் தட்டினாள். அப்போதும் சும்மா இருந்தது.

ராசிக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. "அது என்ன சொல்றது, நான் சொல்றேன். நானா இருந்தா கெளம்பியிருப்பேன். மாமா இன்னைக்கும் உயிரோட இருந்திருப்பாரு," என்றார்.

மேசை செருமியது. அதுவரை யாரும் கேட்டிராத செருமல். பொத்தான்கள் துள்ளி உருண்டு அலமாரிக்கு அடியில் போயின. செயலாளரின் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. ஒழுங்கு மீறல் என்று சொல்லவும் வழியில்லை, எல்லாச் சீட்டும் திறந்துதான் கிடந்தது. தங்கை மேசையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அது உன்ன ஒண்ணும் சொல்லலண்ணா. இத்தனை நாளா நான்தான் சொல்லிட்டிருந்தேன்."

நிதானம் அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் பொத்தான் தேடும் சாக்கில் குனிந்துகொண்டார்கள்.

ஊர் திருந்தியதா என்றால் இல்லை. ராசி தலைவராகவே ஓய்வு பெற்றார், அவருக்குப் பின் அவரைவிடப் பெரிய ராசிக்காரர் ஒருவர் வந்தார். மன்றத்துக்கு வாய் பேசாத பிளாஸ்டிக் மேசை ஒன்று வாங்கி, நிம்மதியாகத் தப்பாட்டம் ஆடினார்கள். பழைய மேசையைத் தங்கை ஆள் வைத்துத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து சாப்பாட்டுக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் அங்கேதான் சாப்பிடுவார். ராசி பழைய புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேசை செருமும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்; குழம்பு தளும்பாமல் பாத்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அண்ணனுக்குப் பரிமாறுவாள்.