வெளியேறு என்றொரு கட்டளை

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லும் வேன் நிறுவனம் ஒன்றில் லொரைன் புரோகிராமர். தினமும் விடியற்காலையில் அவளுடைய நிரல் நோயாளிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஓட்டுநர்களுக்கு முகவரிகளை அனுப்பும்.

அந்தத் திங்கட்கிழமை பாதிப் பேருக்கு வேன் போகவில்லை. மார்சிலிங் பேட்டையில் அற்புதராஜ் என்பவர் சக்கர நாற்காலியில் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வெகுநேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். மறுநாள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

செய்தி வந்ததும் சிராங்கூன் சாலை அலுவலகத்தில் மேலாளர் ஸ்ரீநாத் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பதிவுகளைக் கவனிக்கும் ரபியா, புது நோயாளி ஒருவரின் முகவரியை நிரப்பாமல் விட்டதுதான் காரணம் என்று குற்றம் சாட்டினார். அந்த நோயாளி வீடு மாறிக்கொண்டிருந்தார், புது முகவரி இன்னும் வரவில்லை என்று ரபியா சொல்லிப் பார்த்தாள். ஸ்ரீநாத் காதில் வாங்கவில்லை. லொரைன் குனிந்த தலை நிமிரவில்லை.

கூட்டத்துக்கு முன்பே அவள் நிரலைத் திறந்து பார்த்திருந்தாள். முகவரி இல்லையென்றால் அடுத்த பதிவுக்குப் போ என்று எழுதியிருக்க வேண்டும். அவளோ, பதிவுகளைப் படிக்கும் சுற்றை விட்டே வெளியேறு என்று எழுதியிருந்தாள். அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் இருந்த எவரையும் நிரல் படிக்கவே இல்லை.

மதியம் தேக்கா உணவுக்கடையில் ரபியா சோற்றைத் தொடவில்லை.

"நான்தான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும்லா," என்றாள். "அற்புதராஜுக்கு ஏதாவது ஆயிட்டா?"

லொரைன் தன் தட்டைத் தள்ளிவைத்தாள். பாதியில் எழுந்து அலுவலகத்துக்குப் போய் ஸ்ரீநாத்தின் எதிரில் நின்றாள்.

"ரபியா மேல தப்பு இல்ல. புரோகிராம்ல நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப மீட்டிங்ல ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை, உடனே திருத்தச் சொன்னார். மாலையில் எல்லோர் முன்னிலையிலும் ரபியாவிடம் மன்னிப்புக் கேட்டார். ரபியா லொரைனைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லொரைன் மருத்துவமனைக்குப் போனாள். அற்புதராஜுக்கு மூச்சு சீராகியிருந்தது. நடந்ததைச் சொன்னாள். 

"டிரைவர் ரெங்கசாமி மறந்துட்டாருன்னு நெனச்சேன்," என்றார் அவர். "போன்ல கண்டபடி பேசிட்டேன். அவரு பதிலே சொல்லலம்மா."

"நான் அவர்கிட்ட சொல்றேன், அங்கிள்."

"சொல்லுங்க. நானும் பேசணும்."

வராந்தாவுக்கு வந்து ரெங்கசாமியின் எண்ணை அழுத்தினாள். அவர் எடுத்ததும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், முதலில் தன் பெயரைச் சொன்னாள்.