பிந்தி வந்த கை

ஆலியாவின் பல் போன அன்றைக்குப் பியூலா சிரித்தாளா என்று கேட்டால் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் நானும் இருந்தேன். ஆனால் பிறகு மற்றவர்கள் சொன்னதும் கைப்பேசியில் பார்த்ததும் கலந்துபோய், நான் கண்டது எது, கேட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. ஆலியாவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. சிரித்தாள் என்றுதான் சொல்வாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கராத்தே கிளப்பில் இருவரும் ஒன்றாகப் பழகியவர்கள். ஆலியா பச்சை பெல்ட், பியூலா பிரவுன் பெல்ட். கிளப்புக்குள் நடந்த போட்டியில் பியூலாவின் கால் ஆலியாவின் வாயில் இறங்கி முன்பல் ஒன்று போயிற்று. பழைய முறைக் கராத்தேயில் குத்தும் உதையும் தோலைத் தொடுமுன் நின்றுவிட வேண்டும். முகத்தில் காயப்படுத்தினால் அடித்தவர் தோற்றார், அடிபட்டவர் வென்றார். அதனால் நடுவர் ஆலியாவின் கையைத்தான் தூக்கினார். ரத்தம் வெள்ளை உடுப்பில் ஒழுக, ஒன்றும் புரியாமல் விழித்து நின்றவளை யாரோ படம் பிடித்தார்கள். சாயங்காலம் அது பியூலாவின் ஸ்டேட்டஸில் வந்தது. கீழே ஒரு வரி: "ஜெயிச்ச மூஞ்சியப் பாருங்க."

தெருவே பார்த்தது. ஆலியாவின் அம்மா ரஹ்மத்துன்னிசா அவளைப் பல் டாக்டரிடம் கூப்பிட்டாள்.

"வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"எம்புட்டு நாளைக்கு வாயப் பொத்திக்கிட்டு அலைவ?"

"பொத்த மாட்டேன்."

அதற்கு மேல் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

ஆலியா ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் வேலை முடிந்ததும் அங்கேயே சாதிக் பாட்சா மாஸ்டரின் கிளப்புக்குப் போனாள். ஒரு கிளப்பில் வாங்கிய பெல்ட் இன்னொன்றில் செல்லாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், வெள்ளை பெல்ட்டோடு நின்றாள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. ஒவ்வொரு நிறத்திலும் பியூலாவின் முகத்தை ஓர் எட்டு நெருங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். சாக்குமூட்டையில் குத்தும்போது அவள் கண்ணுக்குச் சாக்கு தெரிந்ததே இல்லை.

ஒருநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அது உறைத்தது. தான் அடித்தால் பியூலாவின் கையைத்தான் தூக்குவார்கள். இத்தனை பாடுபட்டு அவளை ஜெயிக்க வைப்பதா? ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அசையாமல் இருந்தாள். இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள். அடிக்க வேண்டியவள் பியூலா, வாங்க வேண்டியவள் தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தானாகப் போய் முகத்தைக் கொடுத்தால் குற்றம் கொடுத்தவர் மேல் விழும். தடுக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை என்று நடுவர் நம்ப வேண்டும். கை எழ வேண்டும். ஒரு மூச்சில் பாதி பிந்தி எழ வேண்டும். பிந்தியது யாருக்கும் தெரியக் கூடாது.

"என்ன ஆலியா, இடது கை தூங்குதா? போன மாசம் நல்லாத்தான வந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"சரி பண்ணிருதேன் மாஸ்டர்."

"இதையே சொல்லிச் சொல்லி மூக்க ஒடச்சுக்கிடாத. செத்த நேரம் இருந்து செஞ்சு காட்டிட்டுப் போ."

எல்லோரும் போன பிறகு அவர் குத்த, அவள் தடுத்தாள். அவர் குறையைத் திருத்துவதாக நினைத்தார். அவளோ அந்தப் பிந்துதலைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

மாவட்டப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. அந்த வயதுப் பிரிவில் பியூலாவுக்கு அதுதான் கடைசி வருஷம். மாநிலப் போட்டிக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழியுண்டு என்று அவள் காத்திருந்தது பழைய கிளப்புக்கே தெரியும். ஆலியாவுக்கும் தெரியும். அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"ஏட்டி, இன்னுமா பல்லு கட்டல?"

"ஒனக்குக் காட்டத்தான் வச்சிருக்கேன்."

பியூலா வேகமாக இரண்டு புள்ளி எடுத்தாள். அடுத்த முறை நெருங்கியபோது ஆலியா அவள் காதுப்பக்கம் சொன்னாள்: "இப்படித் தடவித் தடவித்தான் போலீசாகப் போறியாக்கும்? ஒங்க அப்பா பாக்காரு. ஒண்ணாச்சும் நல்லாக் குத்துட்டி."

பியூலாவின் முகம் சிவந்தது. குத்து வந்தது. ஆலியா அதைத் தோளிலிருந்து புறப்படும்போதே கண்டாள். தடுத்திருக்கலாம். இடது கை எழுந்தது, பிந்தி. மூக்கெலும்பு முறிந்த சத்தம் வலிக்கு முன்னால் கேட்டது.

"சார், அவ வேணும்னே கைய லேட்டாத் தூக்குனா! நான் பாத்தேன் சார்!" என்று பியூலா கத்தினாள். நடுவர் பியூலாவை வெளியே அனுப்பிவிட்டு ஆலியாவின் கையைத் தூக்கினார்.

சாதிக் பாட்சா ஐஸ் கட்டியோடு வந்தவர் கொடுக்காமல் நின்றார். அவர் கண் அவள் இடது கையில் இருந்தது.

"எங்க படிச்ச இத?"

"ஒங்ககிட்டத்தான் மாஸ்டர்."

"பெல்ட்ட அவுத்து வச்சிட்டுப் போ."

அவிழ்த்துக் கொடுத்தாள்.

உடைந்த மூக்கோடு ஆலியாவை இறுதிப் போட்டியில் விளையாட டாக்டர் விடவில்லை. இறுதியில் எதிரே நிற்க வேண்டியிருந்த தளவாய்புரத்துப் பெண் ஷெரின் மாநிலப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றாள். சாதிக் பாட்சாவின் கிளப் இப்போதும் நடக்கிறது. பியூலாவுக்குப் போலீஸ் வேலை கிடைக்கவில்லை. ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஆலியா அதே கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். வேறு கிளப் எதிலும் சேரவில்லை. அதன் பிறகு அவளும் பியூலாவும் பேசிக்கொண்டதில்லை.