உள்ளே போன இஞ்சி

பொன்னிக்கு அன்று வந்த கோபம் வெயில் மேலும் இல்லை, ஐஸ் மேலும் இல்லை. கொளஞ்சியப்பனின் வலது கை மேல்தான்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மெஸ் நடத்துகிறவர் கொளஞ்சியப்பன். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் எடுத்த மீனை, தன் லோடு ஆட்டோவில் தானே ஓட்டிக்கொண்டுபோய் அவருக்குக் கொடுப்பவள் பொன்னி. அவரிடம் தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. மீன் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்துக்குள் கை மரத்துப்போனால் மீன் அடுப்படிக்குப் போகும். சித்திரை பிறந்ததும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அன்று இருபத்து மூன்று வரை எண்ணியவர், கையை வெளியே எடுக்காமலே பேசினார்.

"எனக்கு ஒண்ணும் குளுரலியேம்மா. ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன். அப்பயும் இப்பிடியே இருந்துதுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். பரங்கிப்பேட்டையிலேந்து ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கறான்."

ஆறு வருடமாகக் கொடுத்துவரும் இடம். அந்த ஒரு மெஸ்ஸை நம்பித்தான் லோடு ஆட்டோவே வாங்கினாள். தகரப் பெட்டி மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி வெயிலை ஏமாற்றிய காலம் முடிந்தது. சூடு புகாத பெட்டி ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தாகவேண்டும்.

முதுநகர் பழைய சாமான் கடையில் அதற்கு ஏற்ற சரக்கு அகப்பட்டது. பிரிக்காத கட்டாக இளமஞ்சள் நுரை ஷீட்டுகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனம், அமெரிக்காவில் செய்தது. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி எடையே இல்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் சார்லசைக் கூப்பிட்டாள். குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கொதிக்கும் குழாய்களுக்குச் சூடு காக்கும் உறை சுற்றுவது அவன் வேலை.

சார்லஸ் கட்டின் மேலிருந்த சீட்டைப் படித்தான். "புள்ளி ரெண்டு நாலு, பி.டி.யூ, இன்… அக்கா, சூடு இந்த ஷீட்டுக்குள்ள எவ்ளோ சுளுவா பூந்து போவுதுன்னு சொல்ற நம்பரு இது. அமெரிக்காக்காரன் அடி, பாரன்ஹீட்டுன்னு எழுதியிருக்கான். எங்கிட்ட இருக்கற கணக்கு டேபிளு வாட்டு, மீட்டருல இருக்குது. மாத்திட்டாப் போதும், எத்தினி கனம் வேணும்னு வந்துடும்."

"அது இன்னா, நடுவுல இன்னு?"

"இன்னுன்னா உள்ளன்னு அர்த்தம்க்கா. சூடு உள்ள போவுதுல்ல, அதான்."

போனில் அளவு மாற்றும் பக்கத்தைத் திறந்தான். பி.டி.யூ என்று இரண்டு வரி வந்தது. அடி போட்டிருந்த வரியைத் தொட்டான். புள்ளி நாலு ஒன்று ஐந்து என்றது போன். டேபிளில் விரலை ஓட்டிப் பார்த்தவன் முகம் சுண்டிப்போனது.

"அறுவது சென்டிமீட்டரு வேணும்."

"நம்ம பாசையில சொல்லுடா."

"ரெண்டடி. ஒவ்வொரு பக்கமும்."

பொன்னி லோடு ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். பின்பக்கம் நாலடி அகலம். இந்தப் பக்கம் ரெண்டடி, அந்தப் பக்கம் ரெண்டடி.

"மீனு எங்கடா போவும்?"

"நீங்க மடியில வெச்சிக்கினு ஓட்டலாம்."

"ஒரு சங்கரா வாலக்கூட உட முடியாத பெட்டிக்கு ஐஸு ஒரு கேடா? இதுக்கு நான் உன் தலயில ஈரச்சாக்கப் போட்டு ஏத்திக்கினு போவேன்."

சிரிக்காதீர்கள், கண்ணுகளா. அவளுக்கு அது பிழைப்பு. அன்று வெள்ளிக்கிழமை வேறு.

சரி, சூடு உள்ளே போகிற பக்கம் இதுவென்றால் மறுபக்கம் எப்படி இருக்கும் பார்ப்போமே என்று, கட்டைப் புரட்டினாள். அங்கேயும் அதே சீட்டு. பக்கவாட்டில் பார்த்தாள். அங்கேயும் அதேதான்.

"சார்லசு, இன்னு போட்டவன் அவுட்டுன்னு ஒரு எடத்துலயாவது போடணுமா வேணாமா? உள்ள போன சூடு வெளிய வராதா?"

"எனக்கும் அதான் தெரியல."

பழைய தகரப் பெட்டியையே ஒட்டுப்போடலாம் என்று, அளவெடுக்கத் தையல்காரர் நாடாவை உருவினாள். நாடாவின் ஒரு ஓரத்தில் 'சிஎம்' என்று இருந்தது. மறு ஓரத்தில் வேறு இரண்டு எழுத்து. லாரி நம்பர் பலகைகளைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் பழகியவள் பொன்னி. நாடாவைச் சீட்டின் மேல் வைத்தாள். ஐ, என். ஐ, என். ஒரே மாதிரி இருந்தது.

"அட கூறுகெட்டவனே! இது உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. இஞ்சிடா! இஞ்சி டேப்புல இருக்குதே, அந்த இஞ்சி!"

சார்லஸ் அவசரமாகப் போனை எடுத்தான். மற்ற வரியைத் தொட்டான். புள்ளி சைபர் மூன்று ஐந்து. "ஒரு இஞ்சு கனத்துக்குச் சொன்ன நம்பர நான் ஒரு அடிக் கனத்துக்குன்னு எடுத்துக்கினேன். பன்னெண்டு மடங்கு ஏறிப்போச்சு. ரெண்டடி இல்லக்கா, ரெண்டே இஞ்சு!"

"ரெண்டு ஷீட்டு?"

"ரெண்டே ஷீட்டு."

"குழாய்க்கெல்லாம் உற சுத்துறியே, அந்தக் கம்பெனி இன்னும் நிக்கிதா?"

சனிக்கிழமை முழுக்க இருவரும் அறுத்து, ஒட்டி, மூடிக்கு ரப்பர் பட்டை வைத்தார்கள். ஞாயிறு காலை பொன்னி மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தினாள். பக்கத்து இருக்கையிலிருந்து சார்லசும் இறங்கினான். கொளஞ்சியப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு… ரெண்டு… மூணு… நா—"

கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனவர், விரல்களை அக்குளில் சொருகிக்கொண்டார். "இன்னாம்மா இது! மீனு வாங்க வந்தனா, வெரல உட்டுட்டுப் போவ வந்தனா?"

சார்லஸ் ஆவலாகப் போனை எடுத்தான். "அக்கா, மூணரை எண்ணிக்கைன்னா எத்தினி டிகிரின்னு மாத்திப் பாக்கட்டா?"

"அத மொதல்ல உள்ள வெய்யி," என்றாள் பொன்னி. அவள் பார்வை கொளஞ்சியப்பன் வாயிலேயே இருந்தது.

அவர் அக்குளிலிருந்து கையை எடுத்து, விரல்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நாளையிலேந்து ஒரு எட்டு வரிக்கும் எண்ணுறாப்புல கொண்டாம்மா. எனக்கு இந்தக் கையி வேணும்."