ஒரு எழுத்து கூடின பாட்டு

மூன்றாம் நாளும் பிரேமலதா வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பூட்டி வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. விக்கிரமசிங்கபுரத்தில் அந்தத் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதுகூட இல்லை. அவள் அம்மா ஆறுமுகத்தாய் வாசல்படியில் குறுக்கே காலை நீட்டி, மடியில் பீடித்தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். பூட்டென்றால் உடைக்கலாம். பெற்றவள் காலைத் தாண்டிப் போக எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

போன் அண்ணன் மாரிராஜிடம் இருந்தது. அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டான். யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. அண்ணன் மனைவி பிரியதர்ஷினி மைனி நேரத்துக்குச் சோறு போட்டு வைத்தாள். கக்கூசுக்குப் போனாலும் யாராவது பின்னாலேயே வந்து தண்ணித் தொட்டிப் பக்கம் நின்றார்கள்.

எல்லாம் ஒரு பாட்டால் வந்தது.

பாளையங்கோட்டையில் தேவமணி அக்கா ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தாள். முப்பது வருசத்துக்கு முன்னால் பீடிப் பெண்களின் கூலிப் போராட்டத்தில் மேடை ஏறிப் பாட ஆரம்பித்தவள். அந்தக் காலத்திலேயே அவளும் ராஜபாய் என்கிற தோழியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா தங்கச்சி என்று ஊர் நினைத்துக்கொண்டது, இவர்களும் மறுக்கவில்லை. ராஜபாய் இறந்து ஆறு வருசம் ஆகிறது. அவள் இருந்த காலத்தில் அவளுக்காகத் தேவமணி கட்டிய பாட்டுகளை எல்லாக் கூட்டத்திலும் பாடினார்கள், கேசட்டில்கூடப் போட்டார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பாட்டுகள் எல்லாமே 'நீ' என்று ஒருத்தரைப் பார்த்துப் பாடுகிறவை. 'நீ'க்கு ஆண் ஏது, பெண் ஏது? கேட்கிறவர்கள் அவரவருக்குத் தோதாக எடுத்துக்கொண்டார்கள்.

வருசத்துக்கு ஒருமுறை தை மாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துப் பெண்கள் மட்டும் கூடுவார்கள். நாகர்கோவிலில் இருந்து வருவார்கள், மதுரையில் இருந்து வருவார்கள். மைக் செட் போடுகிறவளும் பெண்தான். பறை அடிப்பார்கள், குலவை போடுவார்கள், ஆடுவார்கள். அந்த ஒரு நாள் யாரும் யாருக்கும் மகளோ மருமகளோ இல்லை. படம் பிடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே உள்ள ஒரே கட்டுப்பாடு.

பிரேமலதா அந்தக் குழுவில் சேர்ந்து நாலு வருசம். கீபோர்டு வாசிக்கிற கிரேஸியை அங்கேதான் பார்த்தாள். கிரேஸிக்கு உவரிப் பக்கம். கோயில் பாடகர் குழுவில் கற்றுக்கொண்ட கை. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பார்கள். அந்த நடைக்காகவே மற்ற ஆறு நாளும் பிரேமலதா மிஷின் மிதித்தாள்.

இந்தத் தையில் அவள் தானே கட்டிய பாட்டைப் பாடினாள்.

'ஆத்தங்கரைக் கல்லு சுடும் நேரம்
அவ கால் பட்ட இடம் மட்டும் ஈரம்.'

மண்டபத்தில் சத்தம் நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பீடிக்காரப் பெரியம்மா, "இன்னொருக்கா பாடு தாயி" என்றாள். மறுபடி பாடினாள். கிரேஸி கீபோர்டில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அது மாரிராஜின் போனுக்கு வந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் மாரிராஜ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை.

"ராதாபுரத்துல இருந்து ஒரு சம்பந்தம் வருது. பையன் பேரு சுடலைமணி, காத்தாலைக் கம்பெனியில வேலை. அவுக காதுக்கும் இது போயிருக்கு. நாடகத்துல ஆம்பளை வேசம் கட்டிப் பாடுனதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ இன்னொருக்கா சரியாப் பாடு, நானே எடுத்துப் போட்டுருதேன்."

"சரியான்னா?"

"'அவ'ன்னு வர்ற இடத்துல 'அவரு'ன்னு பாடு. ஒரு எழுத்துதான கூடுது."

"முடியாதுண்ணே."

அவன் எழுந்தான். "அந்தக் கீபோர்டுப் பிள்ள எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சுட்டேன். பெரிய டாக்டரைப் பாத்து ரெண்டு வார்த்தை சொன்னா அது வேலை என்னாகும்னு யோசிச்சுப் பாரு."

ராத்திரி முழுக்க யோசித்தாள். கிரேஸியின் சம்பளத்தில்தான் உவரியில் ஒரு வீடு நடக்கிறது. கேட்டுப் பார்க்கப் போன் இல்லை.

மறுநாள் காலை தலை சீவிப் பூ வைத்துவிட்டார்கள். மாரிராஜ் போனைப் பிடித்தான். 'அவரு' தாளத்தில் முதலில் இடித்தது. பிறகு 'கால்' என்பதைக் கொஞ்சம் குறுக்கிப் பாடினாள், உட்கார்ந்துகொண்டது. தையல்காரி அல்லவா, எங்கே பிடித்தால் சுருக்கம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். பாடி முடித்தபோது ஆறுமுகத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இதுதான்ட்டி நல்லாருக்கு" என்றாள். உண்மையாகவே நன்றாக இருந்தது. அதுதான் பிரேமலதாவுக்குத் தாங்கவில்லை.

இரண்டே நாளில் அந்தப் பாட்டு ஊரெல்லாம் சுற்றியது. தன் கடைக்கு வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள் என்று மாரிராஜ் வந்து சொன்னான்.

அந்த வாரமே தேவமணியும் கிரேஸியும் வந்தார்கள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னார்கள். ஆறுமுகத்தாய் வாசல்படியை விட்டு எழுந்திருக்கவில்லை, "தைக்கல. இங்கன நின்னே பேசிட்டுப் போங்க" என்றாள். படிக்கு வெளியே அவர்கள், உள்ளே பிரேமலதா, நடுவில் அம்மா.

"ரெண்டாவது பாட்டையும் கேட்டேன்," என்றாள் கிரேஸி.

"ஒனக்காவத்தான்... ஆஸ்பத்திரில வந்து சொல்லிருவேன்னு அண்ணன் சொன்னான்."

"எங்கிட்ட கேட்டியா பிரேமா?" என்றாள் கிரேஸி. "முதல் பாட்டு வெளிய வந்த அன்னைக்கே மேட்ரன்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். வேலையை ஒழுங்காப் பாருன்னாவ, அவ்வளவுதான். நீ என்னைக் காப்பாத்தலை. என்னை எடுத்துட்டு வேற யாரையோ வச்சிட்ட."

எந்தப் பயத்துக்காகப் பிரேமலதா பாடினாளோ, அந்தப் பயமே பொய்.

தேவமணி மெதுவாகச் சொன்னாள்: "ஒனக்கு முப்பத்தோரு வயசு. ஒன்னை இங்கன இருத்தி வைக்க ஒரு சட்டமும் இல்ல. நெல்லை பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு. வாரியா?"

பிரேமலதா படி வரைக்கும் வந்தாள். "அம்மா, காலை எடு."

ஆறுமுகத்தாய் நிமிரவில்லை. இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்டிய இலைகளில் ஒன்றுகூடச் சரியான அளவில் இல்லை. பிரேமலதா நின்றாள். தூரத்தில் பஸ் ஆரன் கேட்டது, பிறகு அதுவும் போய்விட்டது. அவள் உள்ளே திரும்பிச் சுவரோரம் உட்கார்ந்தாள். கிரேஸி அழுதுகொண்டே தெருவில் இறங்கி நடந்ததை மைனிதான் பிறகு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். ஒன்பது பேர். சுடலைமணி ஒல்லியாக, கூச்சப்படுகிறவனாக இருந்தான். அவனுடைய அக்கா சிரித்துக்கொண்டே, "அந்தப் பாட்டைப் பாடும்மா, எங்க ஊர்ல சின்னப்பிள்ளைககூடப் பாடுது" என்றாள்.

பிரேமலதா எதையும் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தாள். பாட்டு பழையபடியே வந்தது. 'அவ' என்கிற இடத்தில் தாளம் இடிக்கவே இல்லை. பாடி முடித்து, "இது நாடகம் இல்லக்கா. நான் ஒரு பொம்பளைப் பிள்ளையை நெனச்சுக் கட்டுன பாட்டு" என்றாள்.

காப்பி டம்ளர்களைக் கீழே வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. சுடலைமணிதான் முதலில் எழுந்தான். "அம்மா, போவோம்" என்றான். செருப்பை மாட்டும்போது அவளைப் பார்க்காமல், "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு" என்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளிடம் ஒருவரும் பேசவில்லை. மாரிராஜ் போனைக் கொண்டுவந்து அரிசி டின் மேல் வைத்தான். மறுநாள் விடிந்து பார்த்தால் வாசல்படியில் ஆள் இல்லை. ஆறுமுகத்தாய் அடுப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு வாரேம்மா" என்றாள் பிரேமலதா. கத்தரிக்கோலையும் இரண்டு செட் துணியையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தடுக்க ஆளில்லாமல் போனது அவளுக்கு விடுதலை மாதிரியே இல்லை.

இப்போது தேவமணி வீட்டு மாடியறையில் இருக்கிறாள். பக்கத்துக் கடை ஒன்றில் ஜாக்கெட் தைக்கிறாள். மாரிராஜ் எடுத்த பாட்டு இன்னும் சுற்றுகிறது. கல்யாண வீடுகளில் போடுகிறார்கள், அதற்கு ஆடுகிறார்கள். அதை நிறுத்த யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிரேஸி ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அங்கே வருகிறாள். பயிற்சி முடிந்ததும் முன்னைப் போல் காத்திருப்பதில்லை, தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறாள்.

போன வாரம் மட்டும் மாடிப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"எனக்கும் பசிக்கி," என்றாள் கிரேஸி. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மேலே ஏறி வந்தாள்.