பாதையோரப் பங்கு

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்னக் கடை. அதற்குள் இரண்டு பிழைப்பு. சந்திரவல்லி கல்யாணங்களை வீடியோ எடுத்துக் கோத்துக் கொடுப்பாள். ஹுஸ்னா பட்டா, பென்ஷன், வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு மனுப் போட்டுக் கொடுப்பாள். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்று எடுத்தார்கள். காலையில் ஹுஸ்னாவுக்கு, மதியத்துக்கு மேல் சந்திரவல்லிக்கு என்று முறை.

அதை மாட்டிக் கொடுக்க வந்த கம்ப்யூட்டர்க்காரப் பையன் பிரபு கேட்டான்: "ஹார்டு டிஸ்க்க எப்படிக்கா பிரிக்கணும்? சி-ல விண்டோஸ் இருக்கும். டி, இ ரெண்டும் உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு."

சந்திரவல்லிக்கு இது புதுக் கேள்வியாகவே படவில்லை. மலைமேல் ஏலத்தோட்டத்தை அவள் அப்பாவும் சித்தப்பாவும் பங்கு வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள். மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். நடக்கிற பாதை மட்டும் பொது.

"நான் மூத்தவ, நான் பிரிக்கிறேன். சி-ங்கிறது பொதுப்பாதை. பாதைக்கு எதுக்குத் தம்பி அம்புட்டு எடம்? ஒரு ஜீப்பு போனாப் போதும். அறுவது ஜிபி விடு."

"பத்தாதுக்கா. எரநூறாவது விடுங்க. விண்டோஸ் போகப் போக வீங்கும்."

"வீங்குனா வைத்தியம் பாப்போம். நீ போடு."

மிச்சத்தை நூல் பிடித்தாற்போல இரண்டு பாதியாக்கினாள். எடுக்க வேண்டியவள் ஹுஸ்னா. அவள் யோசிக்கவே இல்லை.

"எனக்குக் கடைசிப் பங்குக்கா, இ. எங்க மாமு எடம் ரோட்டோரம்தான் இருந்துச்சு. ரோட்ட அகலப்படுத்துனப்ப மொதக் கடி அவருக்குத்தான்."

"அடி கிறுக்கி, பாதையோரத்துக்குத்தான்டி மவுசு!" என்று சந்திரவல்லி டி-யைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

வாங்கினவள் சும்மா இருந்தாளா? ஒரு நாள் ஹுஸ்னா கைதவறி ஒரு பென்ஷன் மனுவை டி-யில் போட்டுவிட்டாள். அதற்கு, "வரப்புத் தாண்டி வராதே தாயி, கோர்ட்டுத் தாவா ஆயிரும்" என்று ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஹுஸ்னா சிரித்தாள்தான். ஆனாலும் அன்றைக்கு டீ குடிக்கக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ராசிங்காபுரத்துப் பெண் அனுப்பிரியாவைப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா ஈரச் சரிவில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலோடு மலையிறங்க முடியவில்லை. மகன் தாலி கட்டியதை இன்னும் அவள் கண்ணால் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பெண் நாலு மணி ஜீப்பில் மலையேறுகிறாள். அவள் கையில் கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் கொடுத்தனுப்புவதாகச் சந்திரவல்லி வாக்குக் கொடுத்திருந்தாள்.

அதற்காக அன்று ஹுஸ்னாவின் காலை முறையையும் கேட்டு வாங்கியிருந்தாள். பதினோரு மணிக்கு, வீடியோ முக்கால்வாசி வெந்த நேரத்தில், மெஷின் நின்றது. வீடியோ வேகச் சி-யிலும் இடம் வேண்டும்; அங்கே இடமில்லையாம்.

கம்பம் டவுனுக்குப் போயிருந்த பிரபுவுக்குப் போன் போட்டாள்.

"குப்பையெல்லாம் கூட்டிப் பாருங்கக்கா."

"கூட்டிட்டேன் தம்பி. ஒரு கைப்பிடிகூடத் தேறல."

"அப்பப் பாதைய அகலப்படுத்தணும். சி-ய ஒட்டி இருக்கிறது டி. அதக் காலி பண்ணி அழிச்சு, சி-ய நீட்டிட்டு, மிச்சத்துல புது டி போடணும்."

"இ-ல எடுக்கக் கூடாதா?"

"நடுவுல உங்க பங்கு கெடக்கேக்கா!"

சந்திரவல்லி போனை வைத்தாள். டி-யில் பதினோரு கல்யாணம் இருக்கிறது. அவ்வளவையும் தூக்கிவைக்க வேறு இடம் இ ஒன்றுதான். வரப்பைப் பற்றிப் பேசிய வாயால் இப்போது எப்படிக் கேட்பது? மின்விசிறியைப் பார்த்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ஹுஸ்னா... உன் பங்குல கொஞ்சம்..."

"என்னக்கா, வரப்புத் தாண்டணுமா?"

"சொல்லிக் காட்டாதடி. மத்தியானம் பிரியாணி நான் வாங்கித் தாறேன்."

"பிரியாணி இல்லைன்னாலும் கொண்டாங்கக்கா. வெரசா வாங்க, மணியாகுது." சொல்லும்போதே ஹுஸ்னா இ-யில் ஒரு ஃபோல்டர் திறந்து பேர் வைத்துவிட்டாள்: விருந்தாளி.

பதினோரு கல்யாணமும் அந்தப் பக்கம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பிறகு பிரபு போனில் சொல்லச் சொல்ல டி-யை அழிக்கிற இடத்துக்கு வந்தார்கள். சந்திரவல்லியின் விரல் அமுக்க மறுத்தது.

"எல்லாம் வந்துருச்சாடி? ஒண்ணு விட்டாலும் தாலி கட்டுறத நான் மறுபடி நடத்த முடியாது."

ஹுஸ்னா ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்து ஓட்டிக் காட்டினாள். அனுப்பிரியாவின் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தபடி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகச் சந்திரவல்லி அமுக்கிவிட்டாள். டி போயிற்று. சி இருநூறாக நீண்டது. மிச்சத்தில் புது டி மெலிந்து வந்து நின்றது.

அதற்குப் பிறகு வீடியோ ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. பென் டிரைவில் ஏற்றி முடிப்பதற்குள் ஜீப் டிரைவர் வெள்ளைத்துரை தெருமுனையில் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டிவிட்டார்.

"யக்கோவ், எஸ்டேட் ஆளுக ஏழு பேரு காத்துக் கெடக்காக!"

சந்திரவல்லி செருப்பில்லாமல் ஓடிப்போய், புறப்பட்டுவிட்ட ஜீப்புக்குள் கையை நீட்டி, அனுப்பிரியாவின் மருதாணிக் கையில் பென் டிரைவை வைத்து அழுத்தினாள்.

மறுநாள் காலை அனுப்பிரியா கூப்பிட்டாள். "அத்தை ரெண்டு தடவ பாத்துட்டாகக்கா. தாலி கட்டுறப்ப அழுதாக. கொட்டாவி விட்டதுக்கு அவருக்கு இன்னும் திட்டு விழுந்துக்கிட்டிருக்கு."

சந்திரவல்லிக்கு மனசு நிறைந்துபோயிற்று. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஹுஸ்னாவைப் பார்த்தாள்.

"ஏன்டி, பாதைக்கு எடம் விட்டவ நான். எனக்கு நஷ்டஈடு எங்க?"

"எங்க மாமுவுக்கே இன்னும் வரல. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா?" என்ற ஹுஸ்னா, பென்ஷன் மனுவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பதினோரு கல்யாணமும் என் பக்கமே கெடக்கட்டும். அத வச்சுக் கழிச்சுக்கங்க."

"சரி. ஆனா விருந்தாளிங்கிற பேர மாத்திரு."

"என்னன்னு வைக்க?"

சந்திரவல்லி யோசித்தாள். "மொதல்ல வா, டீ குடிச்சிட்டு வந்து வைப்போம்."