பகலில் பார்த்த நிறம்

"ஜன்னலை அடைச்சுட்டா உனக்கு இருட்டாயிடாதாடி?"

"ஒரு லைட்டைப் போட்டா போச்சு. இதுக்கெல்லாமா யோசிப்பீங்க, அக்கா?"

கேட்டவள் ஓரகத்தி. பதில் சொன்னவள் நூல்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே சமையலறையில், இரண்டு பேர் கையிலும் டீ ஆறிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நூல்காரி அதை அப்புறம் நூறு தடவையாவது மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள். ஓரகத்தியின் கேள்வியில் கை வைக்க மாட்டாள். தன் பதிலைத்தான் மாற்றிக்கொண்டே இருப்பாள். சில நாள் "கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும்க்கா" என்பாள். சில நாள் "வேற வழி இருக்கான்னு பார்ப்போமே" என்பாள். வெங்காயத்தோடு விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்ட அன்று மனசுக்குள் சொன்ன பதில் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதல்ல.

இவர்களுடைய கணவர்களான அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சமையலறை தம்பி பங்குக்கு வந்தது, அதன் ஜன்னலுக்கு வெளியே இருந்த சந்து அண்ணன் பங்குக்குப் போனது. அண்ணன் மகள் பெரிய வகுப்புக்கு வந்ததும், அவள் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று சந்துக்குக் கூரை போட்டு அறையாக்கினார்கள். கூரையில் வெளிச்சம் விழுவதற்காக இரண்டு கண்ணாடி ஷீட்டும் போட்டார்கள். படிக்கிற பிள்ளையின் புத்தகத்தில் சமையல் புகை படியலாமா? கொத்தனார் ஒரே காலையில் ஜன்னலைச் செங்கல் வைத்து மூடிவிட்டு, புகை போக மேலே ஒரு குழாய் விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெண் படிப்பை முடித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அறை காலியாகக் கிடந்தது. செங்கல்லுக்கு அந்தப் பக்கம் தினமும் பகல் வந்து, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் எழுந்து போனது. இந்தப் பக்கம் நூல்காரி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

கேட்டுவிடலாம். ஓரகத்தி ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டாள். ஆனால் நூல்காரி மருமகளாக வந்த புதிதிலிருந்தே ஓரகத்தி எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பாள், இவள் எதற்கும் 'பரவாயில்லக்கா' வைத்திருப்பாள். அப்படியே பழகிப்போனது. ஜன்னல் விஷயத்தில் அந்தப் பரவாயில்லை நாளுக்கு நாள் கொழுத்துவிட்டது. யார் கேட்டாலும் "ஜன்னல் இல்லாததே நல்லது, தூசு தும்பு வராது" என்பாள். ஒருமுறை ஓரகத்தியின் தங்கையிடமே, ஜன்னல் இருந்தால் அடுப்புத் தீ அலையும் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது போய்க் கேட்டால் ஆறு வருஷம் புளுகியதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணியிடம் தானே பேசுகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினான். இரண்டு தடவையும் வாசலில் மறித்து, வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அப்படியானால் நீயே கேள் என்றான். நேரம் வரட்டும் என்றாள். நேரம் என்ன பஸ்ஸா, தானாக வருவதற்கு என்று அவன் முணுமுணுத்தது காதில் விழாதது போல இருந்துகொண்டாள்.

இந்த வருஷம் அவள் வேலை பார்க்கிற கடையில் ஊக்கத்தொகை என்று கொஞ்சம் கொடுத்தார்கள். அதை வைத்துச் சமையலறையை வெளிச்சமாக்கிக் காட்டுவது என்று நூல்காரி முடிவெடுத்தாள். யார் தயவும் இல்லாமல்.

செலவில்லாத வேலையை முதலில் செய்தார்கள். மேல் கூரையில் படிந்திருந்த கரியைச் சோப்புத் தண்ணீர் வைத்துத் தேய்த்ததில் அடியில் இருந்த வெள்ளை தெரிந்தது, அதோடு ஒரு பழைய கசிவின் கறையும் தெரிந்தது. கதவைக் கீலோடு கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்தார்கள். கூடத்து வெளிச்சம் இரண்டடி உள்ளே வந்தது. தலைக்கு மேல் இருந்த அலமாரிகளின் கதவுகளும் போயின. பழைய பீரோவின் கண்ணாடியை வாசலுக்கு எதிரே மாட்டினார்கள். அது வந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, தொட்டியில் கிடந்த பாத்திரத்தையும் இரண்டு மடங்காகக் காட்டியது. பாத்திரம்தான் ரெண்டா தெரியுது, தேய்க்கிற ஆளும் ரெண்டா இருந்தா நல்லாயிருக்கும் என்று நூல்காரி சொன்னதும், கணவன் சத்தம் போடாமல் ஏணியில் ஏறி, அலமாரித் தட்டுகளுக்கு அடியில் எல்ஈடி பட்டை ஒட்ட ஆரம்பித்துவிட்டான்.

மிச்சம் இருந்தது பெயிண்ட். அதில்தான் நூல்காரி சறுக்கினாள்.

அவள் வேலை செய்வது நூலும் பட்டனும் விற்கிற கடையில். துணித் துண்டோடு வருகிறவர்களுக்கு அச்சு அசலாக அதே நிறத்தில் நூல் எடுத்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பேரே நூல்காரி என்று நிலைத்துவிட்டது. அந்தக் கடையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: டியூப்லைட்டை நம்பாதே, துணியையும் நூலையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகலில் வைத்துப் பார். பதினோரு வருஷமாக அவள் கால் தானாகவே வாசலுக்குப் போகும். பெயிண்ட் கடையிலும் போனது. கடைக்காரர் நீட்டிய அட்டையில் பத்து வகை வெள்ளை இருந்தது. அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெண்ணெயைத் தொட்டுத் துடைத்தது போன்ற ஒரு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். இதுதான் என்று அடித்துச் சொன்னாள்.

இரண்டு பேரும் லீவு போட்டு ஒரு நாள் முழுக்க அடித்தார்கள். காய்ந்ததும் லைட்டைப் போட்டால், சுவர் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவன் முகம் மாதிரி இருந்தது. பழுப்பு என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. பட்டையை அணைத்துப் பார்த்தார்கள், பல்பை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

கணவன் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "நீ பகல்ல பார்த்து வாங்கியிருக்கே. இந்த ரூம் பகலைப் பார்த்தே ஆறு வருஷமாச்சே" என்றான்.

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிறத்தில் அவளுக்குத் தப்பு வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. ஜன்னல் இருக்கிற சமையலறைக்கு அந்த வெள்ளை கச்சிதமாக இருந்திருக்கும். கண் தன்பாட்டுக்கு அந்தச் சமையலறைக்கு வாங்கி வந்திருக்கிறது.

அதற்காக விட்டுவிட முடியுமா? சின்னச் சின்ன டப்பாக்களில் மாதிரி வாங்கிவந்து, அட்டைகளில் பூசி, அடுப்புக்கு மேலே இரண்டு நாள் தொங்கவிட்டாள். அதில் ஒன்று கடையில் பார்த்தபோது ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தது, இங்கே லைட்டுக்கு அடியில் பாலாக மாறியது. அதையே வாங்கி மறுபடி அடித்தார்கள். கையிருப்பு அதோடு தீர்ந்தது. அறை நிஜமாகவே மாறிவிட்டது. பருப்பில் கிடந்த கல் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. இதுவரை கவனிக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் தெரிந்ததில் மட்டும் நூல்காரிக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓரகத்தி பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவு எங்கே என்று கேட்டாள், கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள், பட்டை லைட்டைக் குனிந்து பார்த்தாள். இவ்வளவு செய்தும் இத்தனை குறைவாகவா செலவாயிற்று என்று இரண்டு தடவை கேட்டாள். தன் வீட்டுக்காரருக்கு ஒரு ஆணி அடிக்கவே ஒரு வாரம் வேண்டும் என்று கூடத்தில் இருந்த கொழுந்தனுக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா? அன்னைக்கு அந்த ஜன்னலை அடைச்சதுலேருந்து எனக்கு மனசுல ஒரு உறுத்தல். எம்பொண்ணு படிக்கணும்னு உன்னை இருட்டுல உட்கார வச்சுட்டோமோன்னு. நீ என்னைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்பப் பார்த்தப்புறம்தான் நிம்மதியா இருக்குடி" என்றாள்.

நூல்காரி டீயை நீட்டினாள். பரவாயில்லக்கா என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே நின்றது.

ஓரகத்தி ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த அறையைச் சும்மா போட்டு வைப்பானேன் என்று யோசித்ததாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை கொத்தனார் வருகிறார். இந்தச் சுவரின் அந்தப் பக்கம் முழுக்க, தரையிலிருந்து மேலே வரைக்கும், சிமெண்ட் பலகை வைத்து அலமாரி கட்டப்போகிறார்கள். வேண்டாத சாமான்களையெல்லாம் அதில் ஏற்றிவிடலாம். சுவரைத் தட்டும்போது இந்தப் பக்கம் புதுப் பெயிண்ட் உதிர்ந்தால் கோபித்துக்கொள்ளாதே, சொல்லி வைக்கத்தான் வந்தேன் என்றாள்.

கூடத்தில் கணவன் எதையோ திருகிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

நூல்காரி சுவரைப் பார்த்தாள். இரண்டு கோட் பெயிண்ட்டுக்கு அப்புறம் ஜன்னல் எங்கே இருந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு நாலு மூலையும் தெரியும். ஓரகத்தியின் முகத்தில் அந்த நிம்மதி இன்னும் இருந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடும் என்பதும் தெரியும். சும்மா இருந்தால், யார் தயவும் இல்லாமல் ஜெயித்த மாதிரி. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வாய் திறந்தும் பிரயோஜனமில்லை.

ஓரகத்தி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். நூல்காரி அவள் கையைப் பிடித்து, மறுபடி முக்காலியில் உட்கார வைத்தாள்.

"பெயிண்ட் உதிர்ந்தா உதிரட்டும், அக்கா. அலமாரியை வேற சுவத்துல கட்டிக்கோங்க. எனக்கு அந்த ஜன்னல் வேணும்."