குழாய்க்காரருக்குத் தெரிந்த ஒரே செபம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். குழாய்க்காரர் மல்லாந்து படுத்து, ஒழுகும் இணைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் கண்ணுக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். முகம் பார்க்காமல் பேச முடிந்ததால்தான் அவ்வளவையும் சொன்னாரோ என்னவோ.

"என்ன சார், எழுதப் போறேன்னீங்க, பேனா ஓடுற சத்தமே கேக்கல?"

குடும்பத்தையும் பங்குக் கோவிலையும் பக்தியில் நடத்தும் அப்பாக்களைப் பற்றி எங்கள் கோவில் இதழான பங்கு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், ஒரு வரிகூட ஓடவில்லை என்றேன். ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அப்ப நான் ஒண்ணு சொல்லவா?"

2

கட்டுரை இப்படித் தொடங்கியிருந்தது: "குடும்பத்தின் ஆன்மிகத் தலைவர் தந்தையே. அவர் ஒரு விளக்காக" (விளக்கை அணைத்துவிட்டேன். எல்லாக் கட்டுரையிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.)

இரண்டாவது முயற்சி: "விடியுமுன் முழந்தாளிட்டுச் செபிக்கும் அந்தத் தகப்பன்" – ஐயோ, நம் குழாய்க்காரர் அப்படியெல்லாம் கிடையாது. பிரசங்கம் ஆரம்பித்ததும் நைசாக வெளியே நழுவி, வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிற அப்பாக்கள் கூட்டம் எந்தப் பங்கிலும் உண்டு. அதில் இவர் நிரந்தர உறுப்பினர். வீட்டில் செபமாலையை நடத்துவது மனைவி. வெளியே கிளம்புகிறவர் நெற்றியில் விரலால் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவதும் அவள்தான்.

"ஊருக்கெல்லாம் தண்ணி வர வைக்கிறீங்க, உங்க வாயில இருந்து ஒரு செபம் வர மாட்டேங்குதே" என்பாளாம். கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று: சாப்பாட்டுச் செபம் மட்டும் அவர் பொறுப்பு. சாப்பாடு ஆறிவிடுமே என்று அதையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்.

3

முதல் பிரசவம். நாள் இருக்கும்போதே மனைவிக்கு வலி வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என்ன ஆனாலும் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமப் போயிடக் கூடாதுங்க."

குழந்தை உள்ளங்கை அளவே இருந்தது. (இது என் வாக்கியம், எல்லாரும் எழுதுவது. அவர் சொன்னது வேறு: "என் பெரிய ஸ்பேனரைவிடக் கொஞ்சம் நீளம் சார்.") கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூச்சு விட்டுவிட்டு வந்தது. எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மனைவி இன்னும் மயக்கத்தில் இருந்தாள். பங்குச்சாமியாருக்குப் போன் போட்டார்.

"சாமி, சீக்கிரம் வாங்க. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்."

"வந்துட்டிருக்கேன்பா, பாலத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு வண்டியும் நகரல. எனக்காகக் காத்திருக்காதே, நீயே குடு."

"நானா? சாமி, நான் பிரசங்கத்துக்கே வெளிய நிக்கிறவன்."

"தெரியும்பா. பீடத்துல இருந்து பார்த்தா வாசல் நல்லாவே தெரியும். போ, போய்க் கையைக் கழுவு."

(ஒரு குறிப்பு. உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் என்கிற திருமுழுக்கைக் கொடுக்கலாம். பிஷப் கொடுத்தாலும் குழாய்க்காரர் கொடுத்தாலும் ஒன்றுதான். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும், மறைக்கல்வித் தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டபோதுதான் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய காரியத்தை இப்படியா ஒருவர் கையில் தூக்கிக் கொடுப்பார் கடவுள்!)

4

முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. நர்ஸ் ஊசி இல்லாத சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். "தலையில மெதுவா விடுங்கண்ணா. கொஞ்சம் போதும்."

பெட்டியின் பக்கத் துளைக்குள் கையை விட்டார். வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"ஆண்டவரே, எங்களையும், நாங்கள் உண்ணப்போகும் இந்த..."

அப்படியே நின்றுவிட்டார்.

(இங்கே "நர்ஸ் களுக்கென்று சிரித்தாள்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.)

"மானம் போச்சு சார். பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, நான் சாப்பாட்டுச் செபம் சொல்றேன். வேற எதுவும் வாயில வரலை. ஆனா நின்னேன் பாருங்க, அப்பதான் காதுல விழுந்துச்சு. 'எங்களையும்'னு தினம் கேட்டிருக்கேன் சார். எங்களையும் ஆசீர்வதியும்னு. சாப்பாடு ஆறிடும்னு அதைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கேன்."

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "ஆரம்பிச்சதை முடிச்சிடுங்கண்ணா. ஒண்ணும் தப்பில்ல."

முடித்தார். 'நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவு' என்று வரவேண்டிய இடத்தில் 'இந்தப் பிள்ளை' என்று சொன்னார். பிறகு, அவரும் மனைவியும் முன்பே பேசி வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். (அதை நான் எழுதப் போவதில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸுக்கே கேட்காத அளவுக்குக் குனிந்து சொன்னாராம்.) சாமியார் போனில் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் வாயில் வந்தது: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்." மூன்று முறை தண்ணீர் விட்டார். பிள்ளை நெற்றியைச் சுருக்கியது.

இதைச் சொல்லும்போது தொட்டிக்கு அடியிலிருந்து அந்தக் கை வெளியே நீண்டது. அதே கை. நகக்கண்ணில் அதே கறுப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஸ்பேனர்" என்றார் அவர்.

5

மனைவிக்கு நினைவு திரும்பியது. முதல் கேள்வியே, "சாமியார் வந்தாரா?"

"இல்ல. பாலத்துல மாட்டிக்கிட்டாரு."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: "நான் குடுத்துட்டேன்."

"நீங்களா?"

கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் அவருடைய வலதுகையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு சிலுவை போடுங்க" என்றாள்.

6

இங்கே என் குழாய் சரியாகிவிட்டது. அவர் வெளியே வந்து, முகத்தைத் துடைத்து, கையைக் கழுவி, "ஒழுகாது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளை என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு முடிவு: பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. கோவிலில் பிரசங்கத்தின் நடுவே வீறிட்டு அழுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் மறுபடி வண்டி நிறுத்துமிடத்துக்கே வருகிறார். சாமியார் பீடத்திலிருந்து பார்த்துச் சிரிக்கிறார்.

இன்னொரு முடிவு: சின்னச் சவப்பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே மடியில் வைத்துக்கொண்டு

(என்னால் முடியவில்லை.)

எதுவாக இருந்தாலும் ஒன்று மாறாது. அந்தத் தண்ணீர் அந்தத் தலையில் விழுந்தது விழுந்ததுதான். அதை விட்டது ஒரு அப்பாவின் கை. இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. பிரமிப்பாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஆனால் பேனாவை எடுக்குமுன் போய், முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். நான் எழுதிய வரைக்கும் பிள்ளை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.